சரிகை, ரப்பர், கெல்வின்: இழுத்தால் சேதி சொல்லும் நூலின் கதை

மக்களே, ஆபீசில் இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ஒரு வரலாற்றுப் பதிவு. மேட்டர் ஒரு நூலைப் பற்றியது. முட்டியில் சுற்றிக் கட்டினால் எவ்வளவு மடங்கியது என்று சொல்லும். நெஞ்சில் கட்டினால் மூச்சை எண்ணும். இழுத்தா நீளும், கரண்டும் கடத்தும். 'ஸ்ட்ரெயின் சென்சார்' நூல் என்பார்கள். நேற்று முளைத்த சமாச்சாரம்னு நினைச்சிடாதீங்க. இதற்கு மூன்று பாட்டன்மார். அதில் ரெண்டு பேர் நமக்கு நல்லாத் தெரிஞ்சவங்க: ரப்பரும் சரிகையும்.

தெரியாத அந்த மூணாவது ஆளிலிருந்து ஆரம்பிப்போம். 1856ல் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) லண்டன் ராயல் சொசைட்டியில் ஒன்று சொன்னார். செம்புக் கம்பியையோ இரும்புக் கம்பியையோ இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது. கம்பி நீளுது, மெலியுது, கரண்ட் போக சிரமப்படுது. அவ்வளவுதான். ஆனா இது உருப்படியான கருவியாக 82 வருஷம் ஆச்சு! 1938ல் கால்டெக்கில் எட்வர்ட் சிமன்ஸும் எம்ஐடியில் ஆர்தர் ரூஜும், ஒருத்தர் செய்வது இன்னொருத்தருக்குத் தெரியாமலே, மெல்லிய கம்பியைப் பொருளின் மேல் ஒட்டி அது எவ்வளவு நீளுது என்று அளந்தார்கள். விமான இறக்கை, பாலம், எடை போடும் மிஷின் எல்லாவற்றிலும் அது போய் உட்கார்ந்தது.

மனுஷ உடம்பில் மட்டும் உட்கார முடியலை. அந்த உலோகம் தாங்குவது சில சதவீத நீட்சிதான். முட்டியை மடக்கினா அதன் மேல் தோல் 35 முதல் 45 சதவீதம் வரை நீளும். கம்பி 'டப்'புனு அறுந்துடும்.

இங்கேதான் ரப்பர் வருது. மண்டைக்காட்டிலிருந்து குலசேகரம் பக்கம் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ரப்பர் மரம்தான். ஒட்டுப்பாலைச் சுற்றிப் பந்து செஞ்சு விளையாடும் பிள்ளைகளுக்கு இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்னு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1953ல் இங்கிலாந்தில் விட்னி என்ற உடலியல்காரர் மெல்லிய ரப்பர் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கை காலில் சுற்றினார். ரத்தம் ஏறி கால் துளி பருத்தாலும் குழாய் நீளும், மின்தடை கூடும். நீட்டினாலும் அறாத கம்பி! ஆனா உள்ளே இருப்பது பாதரசம். குழாய் உடைஞ்சா விஷம்.

விஷமில்லாத கம்பி வேணுமே? சரிகையைப் பாருங்க. பட்டு நூலின் மேல் தட்டையாக்கின வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. கல்யாணப் புடவையில் ஓடுவது மின்சாரம் கடத்தும் நூல் என்று யாரும் யோசிச்சதில்லை :-) எம்ஐடி மீடியா லேபில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் என்ற இருவர் யோசித்தார்கள். பாவில் பட்டும், ஊடையில் செப்புத் தகடு சுற்றிய பட்டு நூலும் கொண்ட ஆர்கன்சா துணியை எடுத்து, துணியிலேயே கீபோர்டு செய்து 1997ல் கட்டுரை எழுதினார்கள். அந்த வகைத் துணி இந்தியாவில் காலங்காலமா நெய்வதுதான்.

அதே சமயம், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் 1976ல் பி.டெக்., 1978ல் எம்.டெக். முடித்த சுந்தரேசன் ஜெயராமன், அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கில் ஒரு சட்டையை நெய்துகொண்டிருந்தார். 1996ல் அமெரிக்க ராணுவத் துறைப் பணத்தில் தொடங்கிய வேலை. குண்டு எங்கே துளைத்தது என்று சொல்ல ஆப்டிகல் ஃபைபர், இதயத் துடிப்பை எடுத்துப் போக கடத்தும் நூல். அங்கே துணி வெறும் வயர்தான், சென்சாரை அதில் செருகணும்.

துணியே சென்சாராக ரப்பரும் சரிகையும் ஒன்று சேரணும். 1958ல் டூபான்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ஸ்பான்டெக்ஸ் ரப்பரின் இடத்துக்கு வந்தது. அதன் மேல் வெள்ளி பூசிய நைலானைச் சுருளாகச் சுற்றினால், சரிகையேதான், உள்ளே பட்டுக்குப் பதில் நீளும் நூல். இழுத்தா சுருள்கள் விலகும், ஒன்றையொன்று தொடுவது குறையும், மின்தடை ஏறும். பின்னல் துணியானால் கண்ணிகள் இறுகி மின்தடை இறங்கவும் செய்யும். சிக்கலும் உண்டு. விட்ட உடனே பழைய அளவுக்குத் திரும்பாது, துவைக்கத் துவைக்க வெள்ளி உதிரும்.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் எங்க பாட்டா. பக்கவாதத்துக்குப் பிறகு கையை மடக்கப் பழகினார். வாரம் ரெண்டு நாள் பிசியோதெரபி பண்ண வரும் பெண், "நேத்தைக்கு இன்னைக்கு பரவாயில்ல பாட்டா" என்பாள். அவர் விடமாட்டார்: "எவ்வளவு மோளே?" அவள் வரும் நாளில் கோணமானி வைத்துச் சொல்வாள். மீதி அஞ்சு நாளும் எங்க கண்ணளவுதான்.

சிப்பாய்க்காக ஆரம்பிச்ச வேலை, நியாயமாப் பார்த்தா இப்படிப்பட்ட வீடுகளுக்கு வந்து சேரணும். ரப்பர் எங்க மாவட்டத்தில், சரிகை காஞ்சிபுரத்தில், ஜவுளிப் படிப்பு கோவையிலும் சென்னையிலும். நூல் நம்ம கையில் ரொம்ப நாளா இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டு "எவ்வளவு?"ன்னு பாட்டா மாதிரி கேட்கத்தான் நமக்குத் தோணலை.

ஜவுளித்துறை ஆட்கள் யாராச்சும் இருந்தா பின்னூட்டத்தில் வாங்க, பேசலாம்.