ஜங்கிப்பூரில் கிளம்பிய கைநாட்டு

1858 ஜூலையில் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரர், சாலை போடுவதற்கான கப்பியை 2,000 மணங்கு கொண்டுவந்து தருவதாக ஒரு துரைக்கு எழுதிக் கொடுத்தார். துரையின் பெயர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டறிந்த பெரிய ஹெர்ஷலின் பேரன். அப்போது வயது 25. கொனாய் கையெழுத்திடப் போகும் நேரத்தில் ஹெர்ஷலுக்கு ஒரு யோசனை வந்தது. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கொனாயின் உள்ளங்கையில் தடவி, ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் அழுத்திப் பதிய வைத்தார். பின்னாளில் "இது என் கையெழுத்தே அல்ல" என்று அந்த மனிதர் மறுக்கத் துணியக் கூடாது என்று அச்சமூட்டவே அப்படிச் செய்ததாக ஹெர்ஷலே பிற்காலத்தில் எழுதினார்.

கொனாய் எழுதப் படிக்கத் தெரிந்தவர். அந்த ஒப்பந்தமே அவர் கைப்பட எழுதியதுதான். எழுத்தறியாதவருக்குச் செய்த உதவியாகக் கைநாட்டு பிறந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பிறந்தது அவநம்பிக்கையில். ஒருவரை அவர் சொல்லோடு கட்டிப்போட இன்னொருவர் செய்த ஏற்பாடு அது. அதன் பிற்கால வாழ்வு முழுவதையும் இதை மனத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1877இல் ஹூக்ளிக்கு மாறிவந்த ஹெர்ஷல், ஓய்வூதியம் வாங்க வருபவர்களிடமும் பத்திரம் பதிய வருபவர்களிடமும் விரல் ரேகை எடுக்கத் தொடங்கினார். 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே ஒரு காப்பகம் அமைந்தது. ரேகைகளை வகைபிரித்துத் தேடும் முறையை உருவாக்குவதில் அங்கே உழைத்த அஜீசுல் ஹக், ஹேம்சந்திர போஸ் ஆகிய இருவரின் பங்கு பெரிது. புகழ் நெடுங்காலம் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கே போயிற்று.

வங்காளத்தில் பிறந்த கைநாட்டை மலாயாவின் தேயிலைத் தோட்டங்களிலும் பார்க்கலாம். அங்கே கேமரன் மலையில் தேயிலை தொடங்கியது 1929இல். ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்னை உடன் சேர்த்துக்கொண்டு 'போ' (BOH) என்ற தோட்டத்தைத் திறந்தார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1910இல், மலாயாவில் தமிழர்களை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போட்ட ஒப்பந்தக்கூலி முறை ஒழிக்கப்பட்டிருந்தது. ஆகவே மலையில் காடு வெட்டிக் கன்று நட்டவர்கள் கங்காணி அழைத்து வந்தவர்களும் தாமே கப்பலேறி வந்தவர்களும்தான். கங்காணி உரிமச் சீட்டுடன் ஊருக்கு வருவார், ஆள் சேர்ப்பார், கிராம முனிசீப்பின் ஒப்பம் வாங்கி, ஆவடி முகாமுக்கோ நாகப்பட்டினம் முகாமுக்கோ கூட்டிப் போவார். துரைக்கு ஒப்பம் உண்டு, முனிசீப்புக்கு ஒப்பம் உண்டு, கங்காணிக்கும் உண்டு. கடல் கடக்கப் போகிறவர் அந்தத் தாளில் வெறும் ஒரு பெயர்.

அவருடைய கட்டைவிரல் வேலைக்கு வந்தது தோட்டத்தில். விடியலில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு, மாலையில் கொழுந்து நிறுவை, சம்பள நாளில் ரேகை. எத்தனை நாள் பேர் போட்டார்கள், அரிசிக்கும் முன்பணத்துக்கும் எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் ரேகைக்கு மேலே இருந்தது. அதை எழுதியவர் கிராணி, வாசித்தவரும் கிராணி. ரேகை வைத்தவருக்குத் தெரிந்தது கையில் வந்த காசு மட்டுமே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. எத்தனையோ குடும்பங்களில் தன் பெயரைத் தமிழில் எழுதிய முதல் ஆள் அந்தப் பள்ளிக்கூடங்களிலிருந்துதான் வந்தார். பல இடங்களில் ஒரே ஆசிரியர், ஒரே கூடம். இருந்தாலும் அவற்றுக்கு நாம் பட்ட கடன் பெரியது.

1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஐசி எனப்படும் அடையாள அட்டை வந்தது. படமும் ரேகையும் ஒரே தாளில் சேர்ந்தன. அன்றிலிருந்து ரேகை ஐசியோடு சட்டைப்பையில் நடமாடியது. குடியுரிமைக்குரிய தாள்களைச் சேர்க்க முடியாமல், குடிமக்கள் அல்லாதோருக்கான சிவப்பு ஐசியோடு நின்றவர்களுக்கு 1960களின் இறுதியில் வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும், ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் திரும்பியதும் தோட்டத்து வீடுகளில் இன்றும் பேசப்படுகிற கதை. விரலில் ரேகை இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டிய தாள்தான் இல்லை.

2001இல் மைகார்டு என்ற சில்லு பொருத்திய அடையாள அட்டை வந்தது. கட்டைவிரல் ரேகையின் விவரம் சில்லுக்குள் போயிற்று. மை மறைந்தது, கண்ணாடி மேல் விரல் வைப்பது பழக்கமானது. ஆனால் காலமெல்லாம் மண்ணிலும் செடியிலும் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துவிடும் என்பது உலகறிந்த உண்மை. உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கேட்கப் போகும்போது, அந்த உழைப்பாலேயே தேய்ந்த விரலை இயந்திரம் அடையாளம் காண மறுப்பதைவிட வருத்தமான காட்சியை நான் அலுவலக முகப்புகளில் கண்டதில்லை.

அதற்கு முன்பே சட்டம் அடுத்த படிக்குப் போயிருந்தது. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு டிஜிட்டல் கையொப்பச் சட்டம் அந்தத் துறையில் உலகின் மிக முந்தைய சட்டங்களில் ஒன்று. அதன் 62ஆவது பிரிவு, முறைப்படி இட்ட டிஜிட்டல் கையொப்பம் கையால் இட்ட கையொப்பத்துக்கும், பதித்த கட்டைவிரல் ரேகைக்கும், வேறு எந்த அடையாளத்துக்கும் சமமாகக் கட்டுப்படுத்தும் என்கிறது. சட்டம் எழுதியவர்கள் கட்டைவிரலை மறக்கவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

சமம் என்று சட்டம் சொன்னாலும், புதியது ஒரு வேலையைக் கூடுதலாகச் செய்கிறது. பழைய ரேகை ஆளை மட்டுமே பூட்டியது. டிஜிட்டல் கையொப்பம் வாசகத்தையும் பூட்டுகிறது. ஆவணத்தின் ஒவ்வோர் எழுத்தும் எண்ணும் ஒரு கணக்குக்குள் போய், 256 இருமக் குறிகள் கொண்ட ஒரு சுருக்கமாக வெளிவரும். அதைக் கையொப்பமிடுபவர் தன் தனிச்சாவியால் முத்திரையிடுகிறார். உரிமம் பெற்ற நிறுவனம் சான்றளித்த பொதுச்சாவியால் எவரும் சரிபார்க்கலாம். மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று இருந்ததில், ஒப்பமிட்ட பிறகு ஏழை ஒன்றாக யாராவது திருத்தினால் சுருக்கம் அடியோடு மாறும். கையொப்பம் செல்லாது என்று திரையே சொல்லிவிடும். செக்ரோல் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன். ரேகைக்கு மேலே இருந்ததை மாற்றியவரும் அன்று மாட்டிக்கொண்டிருப்பார்.

2006ஆம் ஆண்டு மின்னியல் வணிகச் சட்டம் இன்னும் தளர்வானது. ஆளை அடையாளம் காட்டி, அவர் சம்மதத்தையும் காட்டி, அந்தக் காரியத்துக்குப் போதுமான நம்பகமும் இருந்தால் எந்த மின்னியல் ஒப்பமும் போதும். திரையில் விரலால் கிறுக்கினாலும், கையொப்பப் படத்தை ஒட்டினாலும் சூழ்நிலையைப் பொறுத்துச் செல்லலாம். வசதிதான். ஆனால் வெறும் படத்துக்குப் பூட்டு கிடையாது. எவரும் அதை வெட்டி இன்னொரு தாளில் ஒட்டலாம். சம்பள ஒப்பந்தத்துக்கு அது போதாது என்பதே என் உறுதியான கருத்து.

இன்று கேமரன் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசத்தினர், நேப்பாளத்தினர், இந்தோனேசியர். கத்தரியும் இயந்திரமும் விரலின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். புலம்பெயர்ந்து வேலைக்குப் போகிறவர்கள் சொந்த ஊரில் ஒரு தாளில் ஒப்பமிட்டு, இறங்கிய நாட்டில் வேறொரு தாளைச் சந்திப்பது உலகெங்கும் பதிவான கொடுமை. பூட்டிய கோப்பின் ஒரு படி தொழிலாளியின் சொந்தக் கைப்பேசியில், அவர் படிக்கும் மொழியில் இருந்தால் அந்த மோசடியை நிறுவ அது ஒன்றே போதும். சாவியும் கடவுச்சொல்லும் முகவர் கையிலோ அலுவலக மேசையிலோ இருந்தால், கணிதம் எவ்வளவு கெட்டியானதாக இருந்தும் பயனில்லை. கிராணி வாசித்து, கிராணியே அழுத்துகிற பழைய ஏற்பாடு புதுத் திரையில் தொடரும்.

எல்லாத் தாளும் திரைக்கு வந்துவிடவில்லை. உயில், அறக்கட்டளை, காசோலை போன்ற கைமாற்றுப் பத்திரங்கள், அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை 2006ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் உயிலையும் பொதுவான அதிகாரப் பத்திரத்தையும் அப்படியே ஒதுக்கியிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கமோ சேலம் பக்கமோ பாட்டன் நிலத்தில் பங்குள்ள கேமரன் மலை ரிங்லெட்காரர் ஒருவர் அங்கிருக்கும் உறவினருக்கு அதிகாரம் கொடுக்க விரும்பினால், இன்றும் பெரும்பாலும் மலையிறங்கிக் கோலாலம்பூர் போய், இந்தியத் தூதரக அதிகாரி முன் தாளில் ஒப்பமிட வேண்டும் அல்லது ரேகை வைக்க வேண்டும். அந்தத் தாள் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்தியாக வேண்டும். வந்து சேர்ந்த தேதிக்குச் சான்றாகத் தபால் உறையைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.