யார் குறித்த நாள்? மூக்கண்டப்பள்ளியும் பெண்களின் கூட்டங்களும்

ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலையில், சூசூவாடி எல்லைக்கு முன்னால் வருகிறது மூக்கண்டப்பள்ளி. இன்று அது ஓசூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. பேருந்து நிறுத்தத்திலும் தொழிற்சாலை முகவரிகளிலும் ஊர்ப்பெயர் தங்கியிருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்த ஊரைக் ‘கணக்கெடுப்பு நகரம்’ என்று பதிவு செய்தது. நிர்வாகத்திலோ அது அப்போதும் கிராம ஊராட்சிதான். 2011இல் ஓசூர் நகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தபோது மூக்கண்டப்பள்ளியும் மாநகரமானது.

ஓர் ஊர் எப்போது நகரமாகிறது? கணக்கெடுப்புத் துறை மூன்று நிபந்தனைகளை வைத்திருக்கிறது. குறைந்தது 5,000 பேர் வாழ வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையை நாம் நிறுத்தி வாசிக்க வேண்டும்: ஆண் உழைப்பாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத வேலை செய்ய வேண்டும். ஆண் உழைப்பாளர்கள் மட்டும். ஊரிலுள்ள பெண்கள் அனைவரும் கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாலும், ஆண்களில் முக்கால் பங்கினர் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் அந்த ஊர் நகரம். பெண்கள் வேலை மாறினால் ஊர் மாறுவதில்லை. ஆண்கள் வேலை மாறினால் போதும்.

இந்தக் கணக்கின்படி எழுதப்படும் ஓசூர் வரலாறு நமக்குப் பழக்கமானது. 1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்தங்கிய பகுதியாகவும், பெங்களூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலும் இருந்த ஓசூருக்குத் தொழிற்பேட்டை வந்தது. அதன் முதல் கட்டம் மூக்கண்டப்பள்ளி, சூசூவாடிப் பக்கம் அமைந்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் பெருகின. இந்த வரலாற்றின் ஒவ்வொரு தேதியும் ஓர் ஆலையின் தேதி. அவற்றிற்கு இடையில் ஊரில் பெண்கள் எங்கே கூடினார்கள், அந்தக் கூட்டங்களுக்கு நாள் குறித்தவர்கள் யார், அங்கே பெண் வாய் திறக்க முடிந்ததா என்று கேட்டால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பின்தொடர்கிறது.

திருவிழாவிலிருந்து தொடங்குவோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லைப் பகுதி இது. தையில் தொடங்கி எருது விடும் விழாக்கள், யுகாதி, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர், மாரியம்மன் பண்டிகை, கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தின் பாரதக் கூத்து என்று நாட்காட்டி நிறைந்திருக்கும். தமிழக ஊர்கள் பலவற்றிலும் விழாவுக்கு நாள் குறிக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடுவார்கள். ‘தலைக்கட்டு’ கணக்கிட்டு வரி போடுவார்கள். தலைக்கட்டு என்பது மணமான ஆணைத் தலைவனாகக் கொண்ட குடும்பம். கணவனை இழந்த பெண்ணின் வீட்டைப் பல ஊர்களில் அரைத் தலைக்கட்டாக எண்ணுவார்கள், அல்லது எண்ணவே மாட்டார்கள். வரி இல்லாதது சலுகைபோலத் தோன்றும். வரி இல்லாத வீட்டுக்குக் கூட்டத்தில் பேச்சும் கிடையாது. கணக்கெடுப்புத் துறை ஆணை எண்ணி நகரத்தைத் தீர்மானிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, ஊர் ஆணை எண்ணித் தன்னைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

குறித்த நாளைத் தண்டோரா போட்டு அறிவிப்பார்கள். பறையடித்துச் சொல்லும் வேலை தலித் ஆண்கள்மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில்தான் தமிழக அரசு, தண்டோரா முறையைக் கைவிடும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது. ஆக, நாள் குறித்தவர் ஆதிக்கசாதி ஆண், அதை அறிவித்தவர் ஒடுக்கப்பட்ட சாதி ஆண். பெண்களுக்கு அறிவிப்பு வந்து சேரும், அதனுடன் வேலையும் வந்து சேரும். வீடு மெழுக வேண்டும், மாவிளக்குக்கு மா இடிக்க வேண்டும், விருந்தாளிகளுக்குத் தண்ணீர் சேர்த்து வைக்க வேண்டும். ஊர் நாள் குறித்த மறுகணமே ஒவ்வொரு பெண்ணும் விரல்விட்டு இன்னொரு கணக்குப் போடுவாள். அந்த நாள் தன் மாதவிடாய் நாளாக இருந்துவிடுமோ என்ற கணக்கு அது. விழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்காத பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? ஊரின் நாட்காட்டி பெண்ணின் உடலுக்குள் வரை வருகிறது. அதை எழுதும் இடத்தில்தான் அவள் இல்லை.

பாரதக் கூத்தில் திரௌபதியாக வேடம் கட்டுவதும் பெரும்பாலும் ஆண்தான். கடைசி நாள் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்தப்பட்ட துரியோதனனைப் பெண்கள் துடைப்பத்தால் அடிக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் உண்டு. ஆண்டில் ஒரு நாள் பெண்ணின் கோபத்துக்கு ஊர் அனுமதி தருகிறது. அந்த நாளையும் ஊர்தான் குறிக்கிறது.

ஆண்களின் விழா நாள் எவ்வளவு கனமானது என்பதை 2023 பிப்ரவரி 2 காட்டியது. ஓசூருக்கு அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் இளைஞர்கள் கிருஷ்ணகிரி - ஓசூர் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சு நடந்தது, வாகனங்கள் மணிக்கணக்கில் நின்றன. ஊர் விழாவின் ஒரு நாளுக்காக ஒரு தேசிய நெடுஞ்சாலை நின்றது. குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்த பெண்களின் நாட்களை எந்த ஊரின் வரலாறு இப்படித் தேதியோடு நினைவில் வைத்திருக்கிறது?

பெண்கள் தாங்களே நாள் குறித்த கூட்டம் இந்த மாவட்டத்துக்கு 1989இல் வந்தது. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது (கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004இல்). வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தமிழகத்தில் முதன்முதலாகத் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். பின்னர் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் பரவி, 1997-98இல் ‘மகளிர் திட்டம்’ என்று மாநிலம் முழுதும் விரிந்தது. மாநிலத்தின் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்ட தருமபுரி, இந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்தது.

சங்கம் என்று பெண்கள் அழைக்கும் இந்தக் குழுவில் 12 முதல் 20 பேர் இருப்பார்கள். வாரத்துக்கு ஒருநாள் கூட வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் வீட்டுத் திண்ணை என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள். சமையல் முடிந்து, மாடு கட்டி, பிள்ளைகள் தூங்கிய பிறகு என்று பல குழுக்கள் இரவில் கூடின. தீர்மானப் புத்தகத்தில் தேதி எழுதி, வந்தவர் பெயர் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். ஊக்குநரும் பிரதிநிதியும் உறுப்பினர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சேமிப்பில் முதல் கடன் யாருக்கு என்பதை விவாதித்து முடிவெடுத்தார்கள். 1992இல் நபார்டு வங்கி தொடங்கிய சோதனைத் திட்டம், இந்தக் குழுக்களை வங்கிகளோடு இணைத்தது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண் தன் குழுவின் பெயரால் வங்கியில் நாற்காலியில் உட்கார முடிந்தது.

தலைக்கட்டுக் கணக்கில் அரையாக நின்ற பெண் இங்கே முழு உறுப்பினர். இதுதான் சங்கத்தின் சாதனை என்று நான் நினைக்கிறேன். கடன் தொகையை அதற்குப் பிறகே வைப்பேன்.

சங்கத்தைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். குடும்பத்தின் கடன் சுமை பெண்ணின் தலையில் மட்டும் ஏறியதைப் பெண்ணிய ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்திருக்கிறார்கள். அரசு விழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஆள் சேர்க்கும் பட்டியலாகவும் சங்கங்கள் பயன்பட்டன. பின்னால் வந்த தனியார் நுண்கடன் நிறுவனங்கள் அதே வாரக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு கிழமையையும் நேரத்தையும் தாங்களே குறித்தன. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது என்ற நிலை வந்தது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் காட்சி ஒன்றுதான். நாள் குறித்த கை மாறியபோது அந்த வட்டத்தின் பொருள் மாறிவிட்டது.

மூன்றாவது கூட்டம் கிராம சபை. 73ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 1996 அக்டோபரில், மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அப்போது சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடியது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எவரும் அதன் உறுப்பினர். இங்கே நாள் குறித்தது அரசு என்றாலும், அந்த நாளை ஊர்ப் பெரியவரால் மாற்ற முடியாது. தலைக்கட்டுக் கணக்கு இங்கே செல்லாது. ஊராட்சியின் வரவுசெலவைப் படிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு இருந்தது. நடைமுறையில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு முடித்த சபைகளும் உண்டு, தலைவியின் நாற்காலியில் கணவன் உட்கார்ந்த ஊர்களும் உண்டு. ஆனாலும் சங்கத்தில் பேசிப் பழகிய பெண்கள் எழுந்து நின்று தெருவிளக்கையும் குழாயையும் டாஸ்மாக் கடையையும் பற்றிக் கேட்ட இடம் அதுதான்.

2011இல் மூக்கண்டப்பள்ளி நகராட்சியோடு இணைந்தபோது கிராம சபை போய்விட்டது. இணைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொத்து வரி, சாலை, பாதாளச் சாக்கடை என்று பேசுவார்கள். ஒரு பெண் எழுந்து நின்று கேள்வி கேட்கச் சட்டம் தந்திருந்த நான்கு நாட்கள் இழக்கப்பட்டதைப் பற்றிப் பேச்சே இல்லை. தேசிய ஊரக வேலை உறுதித் திட்டமும் ஊரகத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தது. தமிழகத்தில் அந்த வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேல் பெண்கள் செய்தவை. ஊர் நகரமானதும் அந்தத் தகுதியும் போனது.

அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில் கிருஷ்ணகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் நடந்தது. நகர்ப்புறத் தேர்தலோ 2022 பிப்ரவரி 19 வரை நடக்கவில்லை. ஊராட்சியாகவே இருந்திருந்தால் மூக்கண்டப்பள்ளிப் பெண்கள் இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே பாதி இடங்களுக்குப் போட்டியிட்டிருப்பார்கள். நகரமாகிவிட்டதால் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரே இல்லாமல் இருந்தார்கள். கிராம சபையை ஓரளவு ஒத்த ‘பகுதி சபை’ நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாகக் கூடியது. இடையில் போனவை பதினோரு ஆண்டுகள்.

இன்றைய ஓசூர்ப் பெண்களின் நாட்காட்டியை எழுதுவது யார்? ஆலையின் ஷிப்டு எழுதுகிறது. பசுமைக்குடில்களில் ரோஜா பறித்துத் தரம் பிரிக்கும் பெண்களுக்குப் பிப்ரவரி 14 பெரிய நாள், அவர்கள் கொண்டாடாத காதலர் தினத்துக்காக. மின்னணு ஆலைகளுக்காக ஜார்க்கண்டிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்குகிறார்கள். இங்கே அவர்களுக்குத் தலைக்கட்டு இல்லை, சங்கம் இல்லை, வாக்கும் இல்லை. எல்லோருக்கும் முன்பாக இந்த ஊரை நகரமாக நடத்திக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். ஊர் நகரமா என்று தீர்மானிக்கும் கணக்கில் அவர்களுக்கும் இடமில்லை.

2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையை, பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று மாநில அரசு சொன்னது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் உழைப்பை ஓர் அரசு உழைப்பென்று ஒப்புக்கொண்ட பிறகு, கணக்கெடுப்பின் மூன்றாவது நிபந்தனையில் ‘ஆண்’ என்ற சொல் எதற்கு? அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. நம் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளர் வரும்போது, ‘வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறார்’ என்று வேறொருவர் பதில் சொல்லாமல் நாமே வாசலுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். கொல்லை வேலை, மாட்டு வேலை, வீட்டிலிருந்து செய்து கொடுக்கும் கூலி வேலை எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் இன்னொரு வேண்டுகோள். ஆலைகளின் வரலாற்றுக்கு ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. பெண்களின் கூட்டங்களுக்குத் தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றன. கலைந்துபோன சங்கங்களின் புத்தகங்கள் முன்னாள் ஊக்குநர்களின் டிரங்குப் பெட்டியில் கரையான் அரித்துக்கொண்டிருக்கும், அல்லது பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் பாட்டியிடம், பெரியம்மாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள். அனுமதி பெற்று, கடன் விவரங்களையும் பெயர்களையும் காத்து, படியெடுத்து வையுங்கள். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எந்தக் கிழமையில் கூடினார்கள் என்பதெல்லாம் அந்தப் பெண்களின் கையெழுத்திலேயே இருக்கும். மூக்கண்டப்பள்ளி போன்ற ஊர்களில் பெண்கள் தாங்களே நாள் குறித்ததற்கு மிஞ்சியிருக்கும் சான்று அந்தப் புத்தகங்கள்தான்.