லேண்ட்மாஸ்டர் பெல்ட்

இருசில்லு உழவு இயந்திரத்தில் எஞ்சினிலிருந்து கியர்ப்பெட்டிக்கு விசையைக் கடத்தும் ஆப்பு வடிவ இறப்பர் வார், லேண்ட்மாஸ்டர் பெல்ட் எனப்படும். அது படும் பாட்டை அறியக் கொடகவெலப் பகுதியைப் பார்க்கலாம்: அவ்வூர் இலங்கையில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி வழியாக நோனாகம செல்லும் ஏ18 வீதியில் இருக்கிறது. அதன் மேற்பக்கம் தேயிலை, இறப்பர் மலைகள். தெற்கே இறங்கினால் உடவளவை நீர்த்தேக்கத்தின் நீர் பாயும் வயல்கள். ஆகவே இப்பகுதியில் ஒரே இயந்திரம் ஒரு போகத்தில் சேற்றை உழுகிறது, மறு மாதம் இழுவைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டு உர மூட்டையும் விறகும் ஏற்றி மேடேறுகிறது. பெல்ட்டுக்குச் சேறும் கேடு, ஏற்றமும் கேடு.

பெயரும் தோற்றமும்

எந்த நாட்டில் செய்த இருசில்லு இயந்திரமானாலும் இலங்கையில் அதற்கு லேண்ட்மாஸ்டர் என்றே பெயர். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியிலிருந்த ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் அது. இயந்திரத்தை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). கேம்பிரிட்ஜில் படித்த அவர் விமானமோட்டி; பாய்மரப் படகோட்டத்தில் நாட்டின் சார்பில் போட்டியிட்டவர்; பிற்காலத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர். சிறுவயல்காரனின் வரப்புக்குள் நான்குசில்லு இயந்திரம் திரும்பாது என்பதைக் கண்டு, நடந்தபடியே பிடித்துச் செலுத்தும் இயந்திரத்தை 1950-களில் உருவாக்கினார்.

நடந்து செலுத்தும் உழவு இயந்திரங்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆஸ்திரேலியாவின் கில்கண்ட்ராவில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் 1912-இல் சுழல் கொத்தியைச் சோதித்தார். அமெரிக்காவில் பெஞ்சமின் கிரேவ்லி 1916-இல் தம் மோட்டார்க் கலப்பைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவை வெளிநாட்டுத் தோட்டங்களுக்கும் உலர்ந்த மண்ணுக்கும் பிறந்தவை. விஜேவர்தனவின் இயந்திரம் வெப்பமண்டலச் சிறு வயலை மனத்தில் வைத்துச் செய்தது.

1964-இல் ஹார்வர்ட் சென்றிருந்த விஜேவர்தன, தம் இயந்திரத்தின் வெற்றியை அங்கே எடுத்துக் காட்டினார். நீங்கள் இயந்திரமாக்கியது வெப்பமண்டல விவசாயத்தையா, எருமையையா என்ற பொருளில் ஒருவர் கேட்ட கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. பின்னர் நைஜீரியாவின் இபாதானிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில், உழாமலே பயிரிடும் முறைகளில் பணியாற்றினார். எருமை பாலும் சாணமும் தரும், தன் வாரிசைத் தானே ஈனும், டீசல் கேட்காது என்று சொந்தப் படைப்புக்கு எதிராகவே பேசிவந்தார். அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் எருமை திரும்பவில்லை. 1960-களுக்குப் பின் குபோட்டா, யன்மார் முதலிய ஜப்பானிய டீசல் இயந்திரங்கள் வந்தன. பின்னர் சீனாவின் சிஃபாங்கும் வந்து சேர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

பெல்ட்டின் அமைப்பு

ஆப்பு வடிவ இறப்பர் பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் உருவாக்கினார். அதுவரை பெரும்பாலும் தோலும் கான்வாசும் கொண்ட தட்டைப் பெல்ட்களே ஆலைகளை ஓட்டின. ஆப்பு பெல்ட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ 40 பாகைக் கோணம் உண்டு. இறுக்கும்போது அது புல்லியின் பள்ளத்துக்குள் ஆப்பாக இறங்கிப் பக்கங்களைக் கவ்வுகிறது. இதனால் அதே இறுக்கத்தில் தட்டைப் பெல்ட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பிடிப்புக் கிடைக்கும். பிடிப்பு முழுவதும் பக்கங்களில்தான். அடிப்புறம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பெல்ட் பற்றிய நோய்நாடலில் பாதி இந்த ஒரு செய்தியிலிருந்தே தொடங்குகிறது.

பரவலான அளவுகள் மூன்று: ஏ (மேல் அகலம் 13 மில்லிமீட்டர், தடிப்பு 8), பி (17, 11), சி (22, 14). எழுத்தை அடுத்து வரும் எண் உட்சுற்று நீளத்தை அங்குலத்தில் குறிக்கும். சிறிய ரக இயந்திரங்களில் டென்ஷன் புல்லி பெல்ட்டை அழுத்தியும் தளர்த்தியும் கிளச்சின் வேலையையும் செய்கிறது. பெரிய ரகங்களில் தனிக் கிளச் உண்டு; எஞ்சினைத் தாங்கும் போல்ட்களைத் தளர்த்தி, எஞ்சினையே முன்னுக்கு நகர்த்திப் பெல்ட்டை இறுக்குவார்கள்.

மேலைநாட்டுத் தோட்ட டிராக்டரின் அடியில் புல்வெட்டும் தட்டைச் சுழற்றுவதும் இதே குடும்பத்துப் பெல்ட்தான். அது நீளம் கூடியது, பல புல்லிகளில் வளைந்து ஓடுவது. அதற்கு வரும் கோளாறுகளும் கீழே சொல்பவையே.

கோளாறுகள்

முதற் கோளாறு வழுக்கல். எஞ்சின் சத்தம் ஏறும், சில்லு நிற்கும், கீச்சென்ற ஒலியோடு இறப்பர் கருகும் வாடை வரும். உடனே பெல்ட்டை இறுக்குவதுதான் வழக்கம். பெரும்பாலும் அது அவசரத் தீர்ப்பு. முதலில் எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றிப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். பள்ளத்தின் அடி கண்ணாடிபோல் மின்னினால் பெல்ட் அந்தத் தரையைத் தொட்டு ஓடியிருக்கிறது என்று பொருள். புல்லி தேய்ந்திருக்கலாம், அல்லது பெல்ட் தேய்ந்து ஒடுங்கியிருக்கலாம். தேய்ந்த புல்லியில் புதுப் பெல்ட் போடுவது காசைச் சேற்றில் விதைப்பதுதான்.

கழற்றிய பெல்ட்டே சாட்சி சொல்லும். பக்கங்கள் இறுகிப் பளபளத்தால் வழுக்கியிருக்கிறது. அடிப்புறம் குறுக்காக வெடித்திருந்தால் சூடோ முதுமையோ காரணம். உப்பி மெதுத்திருந்தால் டீசலோ எண்ணெயோ பட்டிருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் பெல்ட்டை மாற்றிப் பயனில்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. இரு புல்லிகளின் முகத்திலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் விலகல் தெரிந்துவிடும். பெல்ட் புரண்டு கிடந்தால் உள்ளே ஓடும் நாண்கள் அறுந்திருக்கக்கூடும். திருப்புளியால் நெம்பி மாட்டிய பெல்ட்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. மாட்டிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும் நான்கடி எஞ்சின் நொடிக்கு 20 முறை வெடிக்கும். அந்த உதறல் அனைத்தையும் பெல்ட் வாங்கிக்கொள்கிறது. தளர்ந்த பெல்ட் சாட்டைபோல் அடிப்பதும், எஞ்சினைத் தாங்கும் போல்ட்கள் தாமே இளகுவதும் இதனால்தான். போல்ட் இளகினால் எஞ்சின் பின்னுக்கு நகரும், பெல்ட் மறுபடி தளரும்.

இறுக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. இரு புல்லிகளுக்கும் நடுவில் பெல்ட்டை விரலால் அமுக்கினால், ஒரு மீட்டர் இடைவெளிக்கு ஏறத்தாழ 16 மில்லிமீட்டர், அரை மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் தாழ வேண்டும். அதற்குக் குறைந்தால் பெயரிங்கும் தண்டும் வதைபடும். புதுப் பெல்ட் முதல் சில மணி நேர ஓட்டத்தில் இழுபடும். அதன்பின் ஒருமுறை இறுக்கியே ஆக வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இரண்டு, மூன்று பெல்ட்கள் சேர்ந்து ஓடும் இயந்திரத்தில் ஒன்று மட்டும் அறுந்தாலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பழையது இழுபட்டு நீண்டிருக்கும். சுமை முழுவதும் புதியதன் தலையில் விழும். வழுக்கலுக்குக் குங்கிலியப் பொடியோ மெழுகோ பூசும் பழக்கம் தவறானது. அன்றைய பொழுதைக் கழிக்க அது உதவலாம். பள்ளத்தில் மண்ணைப் பிடித்து வைத்து மறுவாரமே பெல்ட்டை அரைத்துவிடும்.

மேடேறும்போது கிளச் பிடியைப் பாதி அழுத்தி, பெல்ட்டை வழுக்க விட்டே வண்டியைச் சமாளிப்போர் உண்டு. பெல்ட்டே கிளச்சாக உள்ள சிறு ரகங்களில் இறப்பரைக் கொல்ல இதைவிட விரைவான வழி இல்லை. தாழ்ந்த கியரில் முழுப் பிடிப்போடு ஏறுவதே முறை. ஓடும்போது பெல்ட்டின் அருகே கையோ சாரத்தின் நுனியோ போகக்கூடாது. மூடி இல்லாமல் ஓடும் வண்டியில் விரல் இழந்தவர்கள் உண்டு.

இன்றைய நிலை

2022-ஆம் ஆண்டின் எரிபொருள், அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் உதிரிப் பாகங்களின் விலை ஏறியது. பழைய இயந்திரங்கள் திருத்தப்பட்டுத் தொடர்ந்து ஓடுகின்றன. பெல்ட் வாங்கச் செல்வோர் பழையதைக் கையோடு கொண்டுபோனாலும், அதை அளந்து நீளம் சொல்லக்கூடாது. தேய்ந்த பெல்ட் இழுபட்ட அளவையே காட்டும். அதன் முதுகில் அச்சிட்ட எழுத்தும் எண்ணும்தான் சரியான அளவு.