கடலோடிய பாய் கைப்பையாகும்போது



காவிரிக்கரை உறையூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று மத்ரஸா மாணவர்கள் வினவுவதுண்டு. துணிதான் அத்தொடர்பு. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் சோழர் தலைநகரான உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் இங்கு நடத்திய அகழாய்வில், சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கல் தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது.

இத்துணிகளை ஏற்றிச் சென்ற மரக்கலங்களும் துணியின் வலிமையால்தான் ஓடின. தமிழில் படுக்கும் பாயும் கப்பலின் பாயும் ஒரே சொல்லாக இருப்பது சிந்திக்கத்தக்கது. ‘மரக்காயர்’ என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துக் காண்போர் உளர். காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளில் நம் முன்னோர் காற்றை நம்பியே வணிகம் செய்தனர். மலைகளைப் போல் கடலில் செல்லும் கப்பல்கள் தன் அத்தாட்சிகள் என்றும், தான் நாடினால் காற்றை நிறுத்திவிடுவான் என்றும் ஷூரா அத்தியாயத்தில் (42:32,33) அல்லாஹ் உணர்த்துகிறான். பாய் விரித்தவர்கள் அந்த வசனத்தின் பொருளை நாள்தோறும் கண்டிருப்பர்.

பாய் ஒரே துண்டாக நெய்யப்படுவதன்று. பல அகலத் துணிகளை இணைத்துத் தைத்து, விளிம்பில் கயிறு கோத்து அமைப்பர். வெயிலும் உப்பும் காற்றின் அடியும் அதனை நைந்துபோகச் செய்யும். ஆயினும் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நைவதில்லை. கடலுக்கு உதவாத பாயிலும் கைக்கு உதவும் துணி எஞ்சியிருக்கும். அதனை உப்பு நீங்கக் கழுவி, உறுதியான பகுதியை வெட்டி, இரட்டைத் தையலிட்டு, கயிற்றுப் பிடி வைத்துப் பை தைக்கும் கைத்தொழில் இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துத் துறைமுக நகரான போர்ட்லாந்தில் இது நன்கு வேரூன்றிய தொழிலாகும். பழைய பருத்திப் பாய் மண்ணில் மக்கிவிடும். இக்காலப் பாலியஸ்டர் பாயோ எளிதில் மக்காது. ஆகவே அதனை எறியாமல் பயன்படுத்துவது முன்னிலும் அவசியமாகிறது.

இது நமக்குப் புதிய பாடமன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் உள்ள திரையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை வெறுத்தபோது, அத்துணியை வெட்டித் தலையணைகளாக்கினார்கள் என்று புகாரியில் காண்கிறோம். தவறு நீங்கியது, துணி வீணாகவில்லை. தம் ஆடையைத் தாமே தைத்து, தம் செருப்பைத் தாமே செப்பனிட்டவர்கள் அண்ணலார் (ஸல்) அவர்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. இவை நன்மையே. ஆனால் இன்று நம் வீடுகளின் கதவுக் கொக்கியில், ஒவ்வொரு வலீமாவிலிருந்தும் வந்த துணிப்பைகள் பிரிக்கப்படாமலேயே தொங்குகின்றன. கடைக்குச் செல்லும்போது மட்டும் கை வெறுமையாக இருக்கிறது! பத்துப் பைகளைச் சேர்த்துவைத்து, பதினோராவதைப் பெருமைக்காக வாங்குவதும் இஸ்ராஃபே. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் (17:27) எச்சரிப்பதை மறக்கலாகாது.

ஆகவே, பாயில் தைத்த பையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பழைய கைலியோ திரைச்சீலையோ போதும். இவ்வாரம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுங்கள். அவர்கள் தைத்த பையையே அடுத்த வெள்ளிக்கிழமை சந்தைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அருட்கொடைகளைப் பேணி, அளவோடு வாழும் நல்லடியார்களாக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.