வருடத்துக்கு 500 வீடு போதும்! – பெட்டலூமா ஊரின் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 40 மைல் தூரத்தில் பெட்டலூமா என்ற ஊர் இருக்கிறது. இந்த ஊரின் பழைய பெருமை முட்டை. 1879-ல் லைமன் பைஸ் என்பவர் இங்கே முட்டை பொரிக்கும் கருவியை உருவாக்கிய பிறகு ஊரைச் சுற்றிலும் கோழிப்பண்ணைகள் பெருகின. "உலகின் முட்டைத் தலைநகரம்" என்றே தங்கள் ஊரை அழைத்துக் கொண்டார்கள். கோழிகளுக்கு மட்டும் மருந்து விற்கத் தனியாக ஒரு மருந்துக்கடை இருந்த ஊர் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சிறிய கோழிப்பண்ணைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே சமயம் 1950-களில் 101-ஆம் எண் நெடுஞ்சாலை அகலமாகி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் வேலை, பெட்டலூமாவில் வீடு என்பது சாத்தியமாயிற்று. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருந்த சமவெளி நிலங்கள் மனைகளாக மாறின. எல்லாம் ஒரே மாதிரி 6000 சதுர அடி மனை, கட்டம் போட்டாற்போல் தெருக்கள். 1960-ல் 14,000 பேர் இருந்த ஊரில் 1970-ல் ஏறக்குறைய 25,000 பேர். அடுத்த இரண்டே வருடத்தில் 30,000-ஐத் தாண்டிவிட்டது. 1969-ல் 358 வீடுகளுக்கு அனுமதி தரப்பட்டது, 1970-ல் 591, 1971-ல் 891.

வீடு கட்ட ஒரு வருடம் போதும், பள்ளிக்கூடமும் சாக்கடையும் கட்ட அது போதாது. பிள்ளைகள் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று முறை வைத்துப் படிக்க வேண்டியதாயிற்று. கழிவுநீர் நிலையம் திணறியது. மேற்கே இருந்த பழைய ஊர்க்காரர்களுக்கு வயல்வெளி போகிறதே என்ற வருத்தம். கிழக்கே புதிதாக வந்தவர்களுக்கோ, எந்த அமைதிக்காக நகரத்தை விட்டு வந்தோமோ அது கைநழுவுகிறதே என்ற பயம்.

1971-ன் தொடக்கத்தில் நகரமன்றம் புதிய கட்டுமானங்களைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, நிலைமையை ஆராய்ந்தது. 1972-ல் திட்டம் வந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்களில் வருடத்துக்கு மொத்தம் 500 வீடுகளுக்குத்தான் அனுமதி. யாருக்கு அனுமதி என்பதை முடிவு செய்ய மதிப்பெண் போட்டார்கள்! தண்ணீர், சாக்கடை, பள்ளி வசதி இருக்கிறதா, வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் புள்ளிகள் கொடுத்தார்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் சரிபாதி. 8 முதல் 12 சதவீத வீடுகள் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்கு. ஊரைச் சுற்றி ஒரு பசுமை எல்லையும் வகுத்தார்கள். 1973-ல் இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டபோது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆதரவு.

கட்டுமானத் தொழிலதிபர்களின் சங்கம் நீதிமன்றம் போனது. 1974-ல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஊருக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. அமெரிக்கக் குடிமகன் எங்கே வேண்டுமானாலும் போய்க் குடியேறலாம், கதவைச் சாத்த ஓர் ஊருக்கு உரிமை இல்லை என்பது அதன் சாரம். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பக்கத்து ஊர்களும் இதையே செய்தால் அந்த வட்டாரத்தில் பத்து வருடத்தில் தேவைப்படும் வீடுகளில் கால் பங்கு குறையும் என்று நீதிமன்றம் கணக்குப் போட்டது. வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டவர்கள். இனிமேல் வர நினைப்பவருக்கு அங்கே வாக்கு ஏது?

ஆனால் 1975-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. குடியேறும் உரிமை பறிபோனது என்று வழக்குப் போட வேண்டியவர்கள் அங்கே குடியேற முடியாதவர்கள், வீடு கட்டி விற்பவர்கள் அல்ல என்றது. சிறிய ஊரின் தன்மையையும் திறந்தவெளிகளையும் காத்து நிதானமாக வளர நினைப்பது பொது நலனில் அடங்கும் என்றும் சொன்னது. ஏழைகளுக்கு முன்பு இல்லாத ஒதுக்கீடு இந்தத் திட்டத்தில் இருந்ததையும் கவனித்தது. 1976-ல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. அதன்பின் எத்தனையோ ஊர்கள் பெட்டலூமாவைக் காட்டித் தங்கள் சட்டங்களை எழுதின.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு அடுத்த கேள்வி தெரிந்ததே. அளிப்பைக் குறைத்தால் விலை என்ன ஆகும்? பின்னாளில் டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெட்டலூமாவைப் பக்கத்து சான்டா ரோசாவுடன் ஒப்பிட்டார்கள். பெட்டலூமாவில் புதுவீட்டு விலை கூடுதலாக ஏறியிருந்தது, மலிவான வீடுகளின் பங்கு குறைந்திருந்தது. புள்ளிகளுக்காக அழகான வீடு கட்டினால் விலையும் அழகாகத்தான் இருக்கும்! வரத் தயாராக இருந்தவர்களும் வராமல் போய்விடவில்லை. சில மைல் வடக்கே உள்ள ரோனர்ட் பார்க், 1970-ல் 6,000 பேர் சொச்சம் இருந்த ஊர், 1980-ல் ஏறக்குறைய 23,000 ஆயிற்று. பெட்டலூமா ஒதுக்கிய வளர்ச்சியில் ஒரு பகுதியாவது பக்கத்து ஊர் வாசலில் போய் இறங்கியது என்று கருத இடமிருக்கிறது.

இருந்தாலும் ஊர்க்காரர்கள் மனம் மாறவில்லை. 1998-ல் நகர வளர்ச்சி எல்லையை வாக்களித்து நிறுவினார்கள். 2010-ல் அதை 2025 வரை நீட்டினார்கள், 2024 நவம்பரில் 2050 வரை. 2020 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 60,000. எல்லைக்கு வெளியே இன்றும் மாடுகள் மேய்கின்றன. உள்ளே வீடு வாங்கத்தான் காசு வேண்டும்.