வட்டுக்கோட்டையில் ஒரு சந்திர கிரகணம்

சந்திர கிரகணம் ஏன் நிகழ்கின்றது என்று மாணவரைக் கேட்டால், பூமியின் நிழல் சந்திரன்மீது விழுவதால் என்பர். பௌர்ணமிதோறும் பூமி சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே நிற்கின்றதே, மாதந்தோறும் கிரகணம் ஏன் இல்லை என்று மேலும் வினவினால் பலர் திகைப்பர்.

சந்திரனுடைய பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. அப்பாதை அத்தளத்தை இரண்டு புள்ளிகளில் வெட்டுகின்றது. அவற்றுள் ஒன்றன் அருகே பௌர்ணமி வாய்க்கும்போதே சந்திரன் நிழலுட் புகும். ஏனைய மாதங்களில் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ விலகிச் செல்லும். அவ்விரு புள்ளிகளுக்கும் நம் கணித நூலோர் இட்ட பெயர்களே இராகு, கேது என்பன. புராணத்திலே சந்திரனை விழுங்கும் பாம்பு, கணிதத்திலே வெறும் வெட்டுப்புள்ளி.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், 1829ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் எழுந்த வாதம் நன்கு விளங்கும். அமெரிக்க மிஷனார் 1823ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய செமினரியின் முதல் அதிபர் தானியேல் பூவர் பாதிரியார். அவர் மாணவர்க்கு வானியல் கற்பித்தார். பஞ்சாங்கம் பிழையென்று நிறுவினால் அதனோடு பிணைந்த சமய நம்பிக்கையும் தளரும் என்பதும் அவர் எண்ணம். அவ்வாண்டு மார்ச்சு மாதச் சந்திர கிரகணத்துக்குப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் குறித்த நேரமும் மறைவளவும் பூவருடைய கணக்கோடு ஒவ்வவில்லை. கிரகண இரவிலே பூவருடைய கணக்கே வானத்தோடு ஒத்தது என்று மிஷன் வரலாறு கூறுகின்றது.

ஆயினும் சாஸ்திரியார் பாம்பை வைத்துக் கணித்தவர் அல்லர். கிரகணம் நிழலால் வருவதென்பதை ஆரியபடர் ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவிட்டார். அம்மரபின் ஆற்றலுக்குப் புதுச்சேரியிலே ஒரு சான்று உண்டு. தமிழ்க் கணிதர் ஒருவர் தரையிலே சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை நினைவிலிருந்தே எடுத்து, 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் என்பார் பதிவு செய்துள்ளார். தொடக்க நேரம் சில நிமிடங்களே பிசகிற்று. முடிவு நேரமோ முக்கால் மணிக்கு மேற் பிசகிற்று.

பிசகு எங்கிருந்து வந்தது? சந்திரன் தன் வட்டத்தின் அகலமளவு நகர ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். ஆகவே அதன் இடம் அவ்வகலத்திற் காற்பங்கு தவறினாலும் கிரகணம் 15 நிமிடம் முந்தும் அல்லது பிந்தும். பழைய வாய்பாட்டிலுள்ள மிகச் சிறிய வழுவும் நூற்றாண்டுகள் கழியுந்தோறும் பெருகிக்கொண்டே வரும்.

இதற்கு மருந்தை நம் நாட்டாரும் அறிந்திருந்தனர். கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களை நேரிற் கண்டு, பழைய கணக்கைத் திருத்தி, 1431ஆம் ஆண்டில் திருக்கணிதம் என்னும் நூலை இயற்றினார். திருக்கு என்பது பார்வை. பூவர் வென்றது சமயத்தை அன்று; நெடுங்காலம் வானத்தோடு ஒப்பிடப்படாத ஒரு வாய்பாட்டையே.

இன்றும் நம் இல்லங்களில் வாக்கிய பஞ்சாங்கமும் உண்டு, திருக்கணித பஞ்சாங்கமும் உண்டு. அடுத்த சந்திர கிரகணம் இங்கே தெரியும் இரவில், மாணவர்கள் இரண்டையும் ஒரு கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வரட்டும். நிழல் தொடும் நேரத்தைத் தாமே குறித்து, பிறகு ஏடுகளைப் பார்க்கட்டும்.