இராணித் தேனீயும் சிறு பெட்டியும்: ஒரு விஞ்ஞான வரலாற்றுக் குறிப்பு

தேனீக் கூட்டினை மனித சமுதாயத்தின் மாதிரியாகக் கொள்ளும் வழக்கம் ஐரோப்பியச் சிந்தனையில் மிகத் தொன்மையானது. கூட்டின் நடுவே உள்ள பெரிய தேனீயை அரிஸ்தோத்தில் ‘அரசன்’ என்றே குறிப்பிட்டார். பல நூற்றாண்டுகளாக அது ஆணாகவே கருதப்பட்டது. அது முட்டையிடும் பெண் என்பதை ஸ்பானியரான மெண்டெஸ் டி தொரெஸ் 1586இல் எழுதினார். ஆங்கிலேயரான சாள்ஸ் பட்லர் பெண்ணாட்சி எனப் பொருள்படும் தலைப்பில் தேனீக்களைப் பற்றிய தமது நூலை 1609இல், அதாவது முதலாம் எலிசபெத்தின் நீண்ட ஆட்சி முடிந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், வெளியிட்டார். அரசன் அரசியாக மாறியதேயன்றி அரசு என்ற உருவகம் மாறவில்லை என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அவ்வுருவகத்தின் அடித்தளத்தை அசைத்தது ஒரு கிராமப் போதகரின் மரப்பெட்டி. சாக்சனியின் லுசாத்தியா பகுதியில் வாழும் சிறுபான்மைச் சிலாவிய மக்கள் சோர்பியர் எனப்படுவர். அவ்வினத்தவரான ஆடம் கொட்லொப் ஷீராக் (1724-1773) கிளைன்பவுட்சன் என்னும் ஊரில் போதகராக இருந்தவர். வேலையாள் தேனீக்களின் முட்டைகளும் இளங்குடம்பிகளும் உள்ள வதைத் துண்டொன்றைச் சிறு பெட்டியில் வைத்து, இராணியில்லாத சில தேனீக்களை அதனுள் அடைத்துவிட்டார் அவர். அத்தேனீக்கள் சாதாரண அறைகளுட் சிலவற்றை விரிவாக்கி அங்கிருந்த குடம்பிகளை இராணிகளாக வளர்த்தெடுத்தன. இராணியாக வளரத் தனியானதொரு முட்டை கிடையாது. முட்டையில் வேறுபாடில்லை, உணவிலும் அறையிலுமே வேறுபாடு. மன்னர் குருதி என்பதைத் தெய்வ நியதியாகக் கொண்டிருந்த ஐரோப்பாவில், பிரெஞ்சுப் புரட்சிக்கு இருபது ஆண்டுகள் முன்னர், இம்முடிவு ஒரு போதகரின் கையிலிருந்து வெளிப்பட்டது. ஷீராக் அதற்கு அரசியற் பொருள் கற்பித்தார் என்று கூற முற்படுவது மிகை. அவருக்கு வேண்டியிருந்தது கூட்டங்களைப் பெருக்கும் வழி. ஜெனீவாவின் பேரறிஞர் சாள்ஸ் பொனெ முதலில் இதனை நம்பத் தயங்கினார்.

இராணி பிறக்கும் விதம் தெளிவாகிய பின்னரும் அது கருவுறும் விதம் மர்மமாகவே இருந்தது. ஒல்லாந்தரான சுவம்மர்டாம் இராணியின் சூலகத்தை அறுத்துக் காட்டிய பேராய்வாளர். ஆயினும் ஆண் தேனீக்களின் மணமே இராணியைக் கருவுறச் செய்கிறது என அவர் எண்ணினார். மீன்களைப் போல முட்டையிட்ட பின்னரே கருக்கட்டல் நிகழ்கிறது என்றார் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டிப்ரோ. இராணிக்கு ஆண் துணையே தேவையில்லை என லுசாத்தியாவின் ஹட்டோர்ஃப் வாதிட்டார். இவர்கள் அனைவரும் கூட்டின் உள்ளேயே விடையைத் தேடினர்.

கூட்டுக்கு வெளியே பார்த்தவர் ஒரு விவசாயியின் மகன். அன்ரன் யான்ஷா (1734-1773) இன்றைய சுலோவேனியாவின் பிரெஸ்னிட்சாவில் பிறந்தவர். அப்பகுதி அன்று கார்னியோலா என வழங்கிற்று. அங்கு குடியானவர் தேனீ வளர்த்தது நீண்டு தாழ்ந்த சிறு மரப்பெட்டிகளில். அவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி முகப்புப் பலகைகளில் வண்ண ஓவியம் தீட்டுவர். பறந்து மீளும் தேனீ தன் பெட்டியை இனங்காண அவ்வோவியங்கள் உதவும் என்பது அவர்களது நம்பிக்கை. ஓவியங் கற்க வியன்னா சென்ற யான்ஷாவை மரியா தெரேசாவின் அரசு 1770இல் தேனீ வளர்ப்பு ஆசிரியராக நியமித்தது. இராணி கூட்டை விட்டு வெளியே பறந்து ஆண் தேனீயுடன் கூடுகிறது என்பதை அவர் எழுதினார். ஏட்டுக்கல்வி குறைந்த ஒருவரின் கூற்று என்பதாற்போலும், ஐரோப்பிய அறிஞருலகு அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

அதே உண்மையைச் சோதனை மூலம் நிறுவியவர் ஜெனீவாவின் பிரான்சுவா ஊபெர் (1750-1831). அவர் பார்வையிழந்தவர். பார்த்தவர் அவருடைய பணியாளரான பிரான்சுவா பேர்னென். 1788 ஜூனில் ஒரு கன்னி இராணி பெட்டி வாயிலிருந்து எழுந்து பறந்து, முதலில் சில நிமிடங்களில் வெறுமனே திரும்பியது. மீண்டும் பறந்து இருபத்தேழு நிமிடங்களின் பின்னர் புணர்ச்சியின் அடையாளத்துடன் வந்தது. இரண்டு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கியது. புணர்ச்சி மிகத் தாமதித்த இராணிகள் ஆண் தேனீக்களையே ஈன்றன என்பதையும் இவ்விருவரும் கண்டனர். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது என்ற விளக்கத்தைச் சிலேசியாவின் கத்தோலிக்கக் குருவான யான் ட்சியெர்சோன் 1845இல் முன்வைத்தார். அதுவரை அவ்வவதானிப்பு விளக்கமின்றியே கிடந்தது.

இவ்வறிவு உற்பத்தியாக மாறியது அமெரிக்காவில். 1889இல் நியூயோர்க் மாநிலத்தின் டூலிட்டில், மெழுகாலான கிண்ணங்களில் இளங்குடம்பிகளை மாற்றிவைத்து இராணிகளைத் தொகையாக வளர்க்கும் முறையை நூலாக்கினார். முட்டையிட்ட பதினாறாம் நாளளவில் இராணி வெளிவரும். பின் ஒரு வார அளவில் பறக்கும். அப்பறப்பில் அதனைப் பறவை கொத்திச் செல்லலாம். அது வேறு பெட்டிக்குள் நுழைந்து கொல்லப்படலாம். பெருங்கூட்டமொன்றை அந்த அபாயத்துக்குப் பணயம் வைப்பது நட்டம். எனவே ஓரிரு கோப்பை அளவு தேனீக்களைக் கொண்ட சிறு பெட்டியில் ஒரு கன்னி இராணியை விட்டு, அது முட்டையிடுவதைக் கண்டபின் பெருங்கூட்டத்திற்கு மாற்றுவது வழக்கமாயிற்று. இராணி தவறினும் இழப்பு சிறிது.

ஆனால் எந்த ஆணுடன் கூடுவது என்பது வளர்ப்பவனின் கையில் இல்லை. இங்கிலாந்தின் பக்ஃபாஸ்ட் மடத்துத் துறவி அடம் 1925இல் தம் சிறு பெட்டிகளை டாட்மூரின் தனித்த நிலத்துக்குக் கொண்டுசென்றது இதனாலேயே. இராணி ஓர் ஆணுடனன்றிப் பத்துக்கு மேற்பட்ட ஆண்களுடன் கூடுகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவாயிற்று. ஒரு புணர்ச்சியே போதும் என ஊபெர் கருதியிருந்தார்.

பேர்னெனிடம் மீள்வோம். வேலையாள் தேனீக்களும் முட்டையிடுமா என்பதை அறிய, இரண்டு பெட்டிகளிலிருந்த தேனீக்கள் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கொட்டுகளைப் பொருட்படுத்தாது பதினொரு நாட்கள் பரிசோதித்தவர் அவர். ஊபெர் தம் முன்னுரையில் அவரைத் தாராளமாகப் பாராட்டுகிறார். வரலாற்றெழுத்தாளர் பலர் பேர்னெனை ‘குருடரின் கண்கள்’ என்றளவில் நிறுத்திவிடுவர். கேள்வியைக் கூர்மையாக்குவதும் கண்டது எது என முடிவுசெய்வதும் கண்களின் வேலையல்ல என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. 1792இல் வெளிவந்த அந்நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர்கள் இரண்டே: எழுதிய ஊபெருடையதும், கடிதங்கள் முகவரியிடப்பட்ட பொனெயுடையதும்.